வருஷத்துக்கு அரை நூல்

பட்டறைக் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். நாட்டுக்கு மெட்ரிக் வந்து அறுபது வருஷம் தாண்டியும் சென்னையில் ஆசாரியும் கொத்தனாரும் "ஒரு நூல் இழை", "ரெண்டு நூல் தூக்கு" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். பேட்டர்ன் ஷாப்பில் வேலை செய்தவரின் மகள் என்பதால் எனக்கும் மில்லிமீட்டர் கையில் ஒட்டுவதில்லை.

கொளத்தூரில் எங்கள் மொட்டை மாடியில், போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, நான் வளர்க்கிற ஒரு பாக்ஸ்வுட் செடி இருக்கிறது. 2014 பொங்கலன்று அதன் அடித்தண்டைச் சுற்றி நூல் பிடித்து அளந்தபோது 1 அங்குலம் 6 நூல். 2025 பொங்கலுக்கு 2 அங்குலம் 4 நூல். பதினோரு வருஷத்தில் ஆறு நூல், அதுவும் சுற்றளவில். விட்டம் என்று பார்த்தால் வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். இதே காலத்தில் என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்குப் போய்விட்டாள். எதிர் ஃப்ளாட்காரர் மூன்று கார் மாற்றிவிட்டார்.

செடியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மரம் எனக்குப் பழக்கம். அப்பா அம்பத்தூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன் மேக்கர். இரும்பில் என்ன உருவம் வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செதுக்க வேண்டும். அந்த மர உருவத்தை மண்ணில் பதித்து எடுத்தால் குழி கிடைக்கும், குழியில் இரும்பை ஊற்றுவார்கள். அவருடைய பெட்டியில் ஓரடி நீள ஸ்கேல் ஒன்று இருந்தது. இரண்டு முனையிலும் பித்தளைக் காப்பு. பழைய ஆர்மோனியக் கட்டையின் மஞ்சள் நிறம், தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பு. நாங்கள் தொடக் கூடாது. ஒருமுறை கணக்கு நோட்டில் கோடு போட எடுத்துவிட்டேன். கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

"பாக்ஸ்வுட்டும்மா இது. பர்மிங்காம் சரக்கு. மழைக்கு உப்பாது, வெயிலுக்கு வளையாது" என்பார். அவருக்கும் அது யாரோ ரிடையர் ஆன மேஸ்திரி கொடுத்துவிட்டுப் போனது.

பிற்பாடு படித்துப் பார்த்ததில் அப்பா சொன்னது மிகையில்லை. பாக்ஸ்வுட்டின் இழை அவ்வளவு நெருக்கம். பச்சையாக வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அங்குலத்தை அறுபத்து நாலாகப் பிரித்துக் கோடு கீறினாலும் ஒரு கோடு இன்னொன்றோடு கலக்காது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் பியூவிக் புத்தகப் படங்களைச் செதுக்கியது இந்த மரத்தின் குறுக்குவெட்டில்தான். 1849-இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் சதுரங்கக் காய்களில் வெள்ளை பாக்ஸ்வுட், கறுப்பு கருங்காலி. தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு இருக்கும் ஊரில் வாழ்கிறோம். அந்த வெளிர்மஞ்சள் ராஜாவைத் தொடாத பிள்ளை இங்கே குறைவு. நம் நாட்டில் இந்தியன் பாக்ஸ்வுட் என்று சொல்லப்படுவதில் கார்டேனியா இனத்து மரம் ஒன்றும் உண்டு. அது வேறு குடும்பம், நிறம்தான் ஒன்று.

இத்தனை நெருக்கமான மரம் எப்படி வரும்? அவசரப்படாமல் வளர்ந்தால்தான் வரும். போன்சாய்க்கு ஆட்கள் இதைத் தேடுவதும் அதனால்தான். இலை சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பட்டை இளவயதிலேயே வெளிறி, வெடித்து, கிழடு தட்டிவிடும். அமெரிக்காவில் மேரிலாந்தின் கிங்ஸ்வில் நர்சரி வழியாகப் பரவிய ஒரு குட்டை ரகம் உண்டு. நல்ல பருவத்திலேயே வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளாதாம். என்னுடையது அந்தப் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. வேலிக்கு வைக்கிற சாதாரண பாக்ஸ்வுட்.

2013 மே மாதம் கோத்தகிரி போயிருந்தபோது சாலையோர நர்சரி ஒன்றில் கறுப்புக் கவரில் இருபது முப்பது நின்றன. பெயர் கேட்டேன். சொன்னார். "ஸ்கேல் செய்வாங்களே, அந்த பாக்ஸ்வுட்டா?" என்றால் அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத புதர். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இரண்டு வாங்கினேன். போன்சாய் பற்றிய எண்ணமெல்லாம் அப்புறம் வந்தது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அயனாவரம் வீட்டில் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு ஸ்கேல் அறுக்கணும்னா உன் பேத்திக்குப் பேத்தி வரணும்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய் அந்த ஸ்கேலை எடுத்து வந்து கொடுத்தார். "வெச்சுக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?" வேலையை விட்டு அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை நர்சரிகளில் பாக்ஸ்வுட் என்று கேட்டால் பல இடங்களில் முரயாவை நீட்டுவார்கள். காமினி என்றும் சொல்வார்கள், ஆங்கிலத்தில் அதற்கும் சைனீஸ் பாக்ஸ் என்றொரு பெயர் இருப்பதால் வந்த குழப்பம். அது கறிவேப்பிலைக்குச் சொந்தக்காரச் செடி. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாடை வரும், ஒரே காம்பில் பல சிற்றிலை இருக்கும். உண்மையான பாக்ஸ்வுட்டில் இலைகள் நேருக்கு நேர் ஜோடி ஜோடியாக நிற்கும், தோல் மாதிரி தடித்திருக்கும். வெயில் ஏறினால் வாடை கொஞ்சம் பூனை மூத்திரம் போல இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் மாடியில் பூனை தேடினார். இலையில் ஆல்கலாய்டு நஞ்சு இருப்பதால் ஆடுமாடு வாய் வைக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

இரண்டில் ஒன்றை மூன்றே வாரத்தில் கொன்றேன். கொன்றேன் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஆறு வாரம் ஆனது.

மலையிலிருந்து இறங்கியது கத்திரி வெயிலில். இறங்கிய கையோடு கவரைக் கிழித்து, வேர் மண்ணையெல்லாம் குழாயடியில் கழுவி, பாதி வேரை வெட்டி, ஒரு பளபளப்பான பீங்கான் தட்டில் நட்டேன். அப்படிச் செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தேன். அது ஜப்பானில் வசந்தகாலத்தில் எடுத்தது என்பது மண்டையில் ஏறவில்லை. பாக்ஸ்வுட் வேர் தலைமுடி மாதிரி மெல்லிசு, மேலாகவே பரவும், சூட்டுக்கும் வறட்சிக்கும் முதலில் பலியாவது அதுதான். மொட்டை மாடித் தளத்தில் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தத் தளத்தின்மேல் இரண்டு அங்குல ஆழத் தட்டு.

ஆல், அரசு என்றால் இலையை உதிர்த்து எச்சரிக்கும். போகன்வில்லா துவண்டு காட்டும். பாக்ஸ்வுட் ஒன்றும் சொல்லாது. வேர் செத்த பிறகும் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஜூன் முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்றினேன், வேப்பெண்ணெய் தெளித்தேன், இரண்டு வார்த்தை பேசியும் இருப்பேன். ஜூலையில் ஒரு கிளையை லேசாக வளைத்தேன், சுள்ளி மாதிரி உடைந்தது. உள்ளே பச்சையே இல்லை.

பிழைத்த ஒன்று, சோம்பேறித்தனத்தால் கவரிலேயே கிடந்து பிழைத்தது.

சென்னையில் இதற்கு என்ன கஷ்டம் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. பகல் வெயிலுக்குப் பச்சை வலை கட்டிவிடலாம். ஐம்பது சதவீத நிழல் வலை போதும். ராத்திரிக்கு என்ன செய்வது? செடி பகலில் வெயிலை வைத்துச் சர்க்கரை சமைக்கிறது, ராத்திரியும் மூச்சு விடுகிறது, மூச்சு விடச் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ராத்திரி சூடு கூடக் கூடச் செலவும் கூடும். மே மாதம் நம்மூரில் விடியற்காலை நாலு மணிக்கே இருபத்தெட்டு டிகிரி. குளிர்நாட்டுச் செடிக்கு அது சம்பாதித்ததை எல்லாம் வாடகைக்கே கொடுக்கிற வாழ்க்கை. அதனால் இங்கே அதன் நாள்காட்டி தலைகீழ். அங்கே பனிக்காலத்தில் உறங்கும், இங்கே கோடையில் உறங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு துளிர்கூட வராது. ஐப்பசி மழை பிடித்த பிறகு கண் திறக்கும், மாசி வரை துளிர்க்கும். ஆடியில் நாலு மழை விழுந்தால் இடையில் ஒரு சின்னத் துளிர்ப்பு. மண் மாற்றுவது, வேர் வெட்டுவது எல்லாம் மார்கழியில்தான். அதுவும் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு வேர் மட்டும், கழுவாமல்.

பீங்கான் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொசப்பேட்டைக்குப் போனேன். கொலு பொம்மை வாங்கப் போகிற கொசப்பேட்டைதான். ஒரு குயவரிடம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். ஒன்றரைச் சாண் நீளம், ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழம், அடியில் ஐந்து ஓட்டை. "ஓட்டையோடயா? அப்புறம் எதுக்கும்மா தொட்டி?" என்று கேட்டார். மெருகு போடாத சுட்ட மண் தொட்டி. தண்ணீர்ப் பானை ஏன் குளிர்கிறதோ அதே காரணத்துக்காக இதுவும் குளிரும். சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கோடையில் சுற்றிலும் ஈரக் கோணி. ஜப்பான் கண்காட்சிப் படங்களில் வருகிற மெருகூட்டிய தட்டெல்லாம் அழகுதான். எங்கள் மாடியில் அது வேரை வாட்டுகிற தவா.

மண் கலவைக்கு ஜப்பானியர் அகடாமா என்று ஓர் எரிமலைக் களிமண் உருண்டையைச் சொல்வார்கள். இங்கே கட்டடம் இடிக்கிற இடத்தில் பழைய செங்கல்லைப் பொறுக்கி, சுத்தியால் நொறுக்கி, இரண்டு சல்லடையில் சலித்து, நடுத்தரத் துணுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொத்தமல்லி விதை அளவு. தூசி ஒட்டினால் வேருக்கு மூச்சு முட்டும். செங்கல் பாதி, கரடான மணல் கால், மக்கின இலையும் மண்புழு உரமும் கால். சுண்ணாம்புப் பூச்சு ஒட்டிய செங்கல்லாக இருந்தாலும் கவலையில்லை. புளிப்பு மண்ணைவிடச் சற்றே சுண்ணாம்பு கலந்த மண்ணைத்தான் இது விரும்பும். நம்மூர் போர் தண்ணீரின் கடினம் இந்த ஒரு செடிக்கு மட்டும் தொந்தரவாகத் தெரியவில்லை, உப்பு அளவு மீறாதவரை.

கம்பி கட்டுவதில் அடுத்த பாடம். பெரம்பூரில் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி வாங்கி, தணலில் சுட்டு இளக்கி, ஒரு கிளையில் சுற்றி வளைத்தேன். கிளை முறிந்தது. இளந்தண்டு வளையும், முற்றிய பாக்ஸ்வுட் வளையாது. ஸ்கேல் எதற்கு நல்லதோ அது இங்கே இடைஞ்சல். வாயைக் கொடுத்து அப்பாவிடம் போனில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தார். பையில் பழைய நட்டுகள், எல்லா சைஸிலும்.

"கையால அழுத்தாத. எடை அழுத்தட்டும்" என்றார். கிளை நுனியில் ஒரு சின்ன நட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பெரிய நட்டு. பிறகு இன்னும் பெரியது. போன்சாய்க்காரர்கள் உலகம் முழுக்க இப்படி எடை கட்டுகிறார்கள் என்று பிறகு படித்தேன். அப்பா படித்ததில்லை. ஒன்றரை வருஷத்தில் வலது கிளை நாற்பத்தைந்து டிகிரி இறங்கிப் படுத்தது. காற்றடித்தால் நட்டெல்லாம் ஆடிக் கிணுகிணுக்கும். தீபாவளிக்கு வந்த நாத்தனார் வாஸ்து மணியா என்று கேட்டாள்.

வாஸ்து என்றதும் ஞாபகம் வருகிறது. போன்சாய் வைத்தால் வீட்டில் வளர்ச்சி நின்றுவிடும் என்று எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு பேர் என்னிடம் நேராகவும் நாலு பேர் முதுகுக்குப் பின்னாலும் சொல்லியிருக்கிறார்கள். செடியை வதைக்கிறாய் என்பது இன்னொரு கட்சி. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தப்பிய வெண்பைன் ஒன்று, 1625-லிருந்து தொட்டியில் இருப்பது, 1976-இல் பரிசாகப் போய் இன்றைக்கும் வாஷிங்டனில் உயிரோடு இருக்கிறது. வதைபட்டது நானூறு வருஷம் இருக்குமா என்று நானும் கொஞ்ச நாள் வாதாடினேன். இப்போது வாதாடுவதில்லை. மறுபேச்சில்லாமல் கொஞ்சம் முறுக்கு கொடுத்தால் பேச்சு மாறிவிடுகிறது.

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கையில் கத்தரி இருந்தால் செடியைப் பந்து மாதிரி வெட்டத் தோன்றும். பாக்ஸ்வுட் அதற்கு மசிந்தும் கொடுக்கும், வேலிக்கு வைப்பதே அதனால்தானே. பந்தாக வெட்டினால் மேல்தோலில் மட்டும் இலை நெருங்கும். உள்ளே வெளிச்சம் போகாது. உள்கிளைகள் மொட்டையாகும். ஐந்து வருஷம் கழித்துக் கிளையைக் குறுக்க நினைத்தால் குறுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. இலையே இல்லாத அளவுக்கு ஒரு கிளையை மொட்டையடித்தால் அது மறுபடி துளிர்க்கும் என்று நம்பவும் முடியாது. அதனால் நான் செய்வது சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தளிராக. துளிர் முற்றிக் கரும்பச்சை ஆகும்வரை காத்திருந்து, இரண்டு ஜோடி இலை விட்டு மேலே வெட்டு. இலையைக் குறுக்கே வெட்டக் கூடாது, ஓரம் பழுத்து அசிங்கமாகும். கவட்டியில் முளைத்தது, கிளைக்கு அடியில் தொங்குவது, தண்டைப் பார்த்து உள்ளே திரும்புவது எல்லாவற்றையும் கிள்ளி எடுத்தால் சூரியன் தண்டுவரை எட்டும். எட்டிய இடத்தில் ஆறு மாதம் கழித்து ஊசிமுனை அளவு ஒரு மொட்டு. அதைக் கண்டுபிடிக்க அப்பாவின் பூதக்கண்ணாடி.

ஒரு தையில் உட்கார்ந்தால் இரண்டு மணிநேரம் ஓடும். எழுந்து பார்த்தால் செடி முன்பு இருந்த மாதிரியே இருக்கும், கீழே ஒரு கைப்பிடி இலை கிடக்கும். மற்ற பத்து மாதம் என் வேலை கத்தரியை எடுக்காமல் இருப்பது. உண்மையில் இதுதான் எனக்குக் கடினம். ஆபீசிலிருந்து எரிச்சலோடு வந்த நாளில் எதையாவது வெட்ட வேண்டும்போல் இருக்கும். அதற்காகவே பக்கத்தில் ஓர் இச்சி மரத்தொட்டி வைத்திருக்கிறேன். அதை எவ்வளவு வெட்டினாலும் ஒரு மழைக்கு மறந்துவிடும். பாக்ஸ்வுட்டில் 2015-இல் அவசரத்தில் தவறாக வெட்டிய ஒரு காயம் மூட எட்டு வருஷம் ஆனது.

முறிந்த அந்தக் கிளையின் அடிக்கட்டை காய்ந்து நின்றது. பட்டையை உரித்துவிட்டால் பட்டுப்போன கிளையாகக் காட்டலாம், ஜின் என்பார்கள். அப்பாவின் சின்ன உளியை எடுத்தேன். நம்மூர் ஈரத்தில் வேறு மரமாக இருந்தால் உளுத்திருக்கும். இது உளியை வழுக்கியது. சீவச் சீவ உள்ளேயிருந்து வந்தது ஸ்கேலின் நிறம். அதே சோப்பு வழவழப்பு. வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஸ்கேலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று தொட்டிகளை மாடிப்படிக்கு இறக்கிவிட்டிருந்தோம். பக்கத்து மனையின் பாதாம் மரம் எங்கள் சுவர்மேல் சாய்ந்தது. பாக்ஸ்வுட் மூன்று நாள் இருட்டில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

ஆனது 2019-இல். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஜூனில் தரை தெரியக் கிடந்தன. புழல் எங்களுக்குப் பக்கம். வெடித்த ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெருவில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் காத்திருக்கும்போது, மாடியில் ஒருத்தி அலங்காரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி இருக்கும்? எனக்கே கூசியது. இருட்டிய பிறகு மேலே போவேன். முதலில் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை ஊற்றினேன். ஒரு மாதத்தில் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளைப் பொரி கட்டியது. வடிகட்டி எடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே இருக்கும். இலை நுனி கருகியது. பிறகு ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு மாறினேன். எங்கள் படுக்கையறை ஏசி ராத்திரிக்கு அரை பக்கெட் தரும். அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே கிடையாது. நாலைந்து நாள் அதையே தாராளமாக ஊற்றித் தொட்டி உப்பைக் கழுவினேன். மேலே ஏறின மாவுப்பூச்சியைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். அக்டோபர்வரை செடி இருந்தது, அவ்வளவுதான். 2020 பொங்கலுக்கு நூல் பிடித்தால் போன வருஷ அளவே. நோட்டில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

அந்த வருஷ நடுவில், ஊரடங்கு சமயத்தில், அப்பா எங்களோடு வந்துவிட்டார். 2021 பொங்கலன்று நான் அளக்கும்போது முதல்முறையாகப் பக்கத்தில் இருந்தார். பூ கட்டுகிற நூலைத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, சேர்கிற இடத்தில் பேனாவால் குறித்து, பிரித்து ஸ்கேல்மேல் வைத்தேன். "2 அங்குலம், ஒண்ணரை நூல்" என்றேன் பெருமையாக. ஒரே வருஷத்தில் முழுசாக ஒரு நூல். வீட்டிலேயே கிடந்து கவனித்ததன் பலன்.

அப்பா ஸ்கேலை வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதுலயா ஏழு வருஷமா அளக்குற?"

ஓரத்தில் தேய்ந்த எழுத்து. வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. 96-க்கு 1 என்று ஆங்கிலத்தில்.

அது சாதாரண ஸ்கேலே இல்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதனால் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல், ஸ்கேலையே நீட்டிச் செய்துவிட்டார்கள். அதில் ஓரடி என்று இருப்பது நிஜத்தில் ஓரடியும் ஒரு நூலும். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். ஸ்டீலுக்கு வேறு, பித்தளைக்கு வேறு, அலுமினியத்துக்கு வேறு. ஒன்றை எடுக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை எடுத்தால் மொத்த வேலையும் குப்பை. குழந்தையில் கோடு போட்டதற்கு ஏன் அந்தக் கோபம் என்று நாற்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

"செடி என்னா உருகி உறையப் போவுதா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏழு வருஷ நோட்டு. அப்பா பேப்பரில் கணக்குப் போட்டார். இரண்டேகால் அங்குலத்துக்கு உட்பட்ட சுற்றளவில் பிழை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேறு எந்த மரமாக இருந்தாலும் அதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. இதற்கோ அது நாலு மாச வளர்ச்சி. "உன் செடி நீ எழுதினதைவிட நாலு மாசம் பெருசு. நஷ்டம் இல்ல" என்றார். வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம் பார்க்கிறதில் பெரிதாக ஒன்றும் மாறாது, எல்லாமே ஒரே பொய்யில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு சேர்த்த இன்னொரு குறிப்பு: நூலை நீ இழுக்கிற இழுப்பில் வருகிற பிழை இதைவிடப் பெரிசு.

இப்போதும் அந்த ஸ்கேலில்தான் அளக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா கையால் "வா.இ. அளவு" என்று எழுதிவைத்திருக்கிறார். வார்ப்பிரும்பு.

சென்னையில் புதிதாகத் தொடங்குகிற யாராவது என்னிடம் கேட்டால் பாக்ஸ்வுட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சின்ன இலையும் பழுத்த பட்டையும்தான் வேண்டுமென்றால் நம் புதர்க்காட்டிலேயே குருவிச்சி இருக்கிறது. ஃபுக்கியன் டீ என்று உலகம் முழுக்க போன்சாய்க்கு வளர்க்கிறார்களே, அது நம்மூர் வெயிலுக்குப் பிறந்த செடி. வெள்ளைப் பூ, சிவப்புப் பழம், குருவி வரும். மினி முரயாவும் நல்லது. மால்பீஜியா இன்னும் சுலபம். இவையெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் காட்டுகிற உருவத்தை என் செடி இன்னும் காட்டவில்லை. யாரையும் கூட்டிவந்து பெருமையாகக் காட்டினால், "எப்ப நட்டீங்க, போன மாசமா?" என்கிறார்கள்.

இரண்டு குச்சி மட்டும் வெட்டி நட்டேன். மார்கழியில் நாலு விரல் நீளத் துண்டு, அடி இலையை உருவி, செங்கல் தூளும் மணலும் கலந்ததில் குத்தி, மேலே கண்ணாடி டம்ளர் கவிழ்த்து நிழலில். வேர்விட மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. ஒன்றை மகள் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாள். அது உயிரோடு இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை, கேட்டாலும் பச்சையாத்தான் இருக்கும்மா என்பாள்.

இந்தப் பொங்கலுக்கு நூலின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார். கை நடுங்குகிறது, அதனால் மூன்று தடவை அளந்து நடுவில் வந்ததை எழுதினோம். அளந்து முடித்ததும் வழக்கமான சண்டை. இடதுபக்கம் கீழே ஒரு கிளை, மூன்று வருஷமாகப் பேச்சில் இருப்பது. அதை எடுத்தால்தான் தண்டின் வளைவு கண்ணுக்குத் தெரியும் என்பது அப்பா கட்சி. அதில் உள்மொட்டு இரண்டு வந்திருக்கிறது, அது கிளைத்தால் அந்தப் பக்கத்தின் வெறுமை மூடும் என்பது என் கட்சி. அப்பா பூதக்கண்ணாடி கேட்டார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டு இல்ல, மூணு" என்றார். கத்தரியை நான் உள்ளே எடுத்துப்போய் வைத்தேன்.